எண்ணூர்க் கழியும் அதை அறிந்தவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திருவொற்றியூர்க்காரன். வடசென்னையில் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம்தான் எண்ணூர்க் கழி, ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் நீர்நிலை. அதைச் சுற்றியிருக்கும் மீனவக் குப்பங்களுக்குப் பல வருடமாகப் போய்வருகிறேன். கல்லூரி மாணவர்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பொறியாளர்கள், சில சமயம் எங்கள் தெருக்காரர்களே கூட என்னிடம் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்பார்கள். மீனவர்களுக்கும் இருளர் பழங்குடிகளுக்கும் இந்த நீர்நிலையைப் பற்றித் தெரிந்ததை, அதைக் காப்பாற்றுகிற வேலையில் எப்படிச் சேர்த்துக்கொள்வது? இதைச் சுற்றித்தான் எல்லாக் கேள்விகளும் வரும். வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

எண்ணூரில் ஈரநிலம் எங்கே இருக்கிறது? கண்ணுக்குத் தெரிவதெல்லாம் புகைபோக்கியும் கண்டெய்னர் லாரியும்தானே?

கும்மிடிப்பூண்டி ரயிலில் எண்ணூர் ஸ்டேஷனைத் தாண்டியதும் ஜன்னல் பக்கம் திரும்பிப் பாருங்கள். பாலத்துக்குக் கீழே விரிந்து கிடக்கும் தண்ணீர், அதன் ஓரத்துச் சேற்றுத்திட்டு, அலையாத்திப் புதர், தள்ளி இருக்கும் உப்பளம் எல்லாமே ஈரநிலம்தான். 1971-இல் ஈரானின் ராம்சர் நகரத்தில் கையெழுத்தான உடன்படிக்கை, கழிமுகம், சதுப்பு, உப்பளம் எல்லாவற்றையும் ஈரநிலமாகக் கணக்கில் எடுக்கிறது. நீர் வற்றும் நேரத்தில் ஆறு மீட்டருக்கு மேல் ஆழமில்லாத கடலோரத் தண்ணீரும் அதில் சேரும். அப்படிப் பார்த்தால் முகத்துவாரத்தில் தொடங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியாக, காட்டுப்பள்ளிக்குப் பின்னால் நீண்டு, பழவேற்காடு ஏரி வரைக்கும் ஒரே தொடர்ச்சி. குப்பத்தில் யாரும் ஈரநிலம் என்றோ கழிவெளி என்றோ சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு இது 'ஆறு'. "ஆத்துக்குப் போயிருக்காரு" என்றால் தொழிலுக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

உள்ளூர் அறிவு என்று எதைச் சொல்கிறீர்கள்? அனுபவம்தானே, அதற்கு ஏன் இவ்வளவு பெரிய பெயர்?

சரி, பெயரை விடுங்கள். அதில் என்னென்ன இருக்கிறது என்று சொல்கிறேன்.

முதலில் ஏத்தமும் வத்தமும். கடல்நீர் ஆற்றுக்குள் ஏறுவது ஏத்தம், திரும்ப இறங்குவது வத்தம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நீரோட்டம் வேகமாக இருக்கும். அஷ்டமி, நவமியை ஒட்டித் தளர்ந்துபோகும். சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதையும், குறுக்காக நின்று இழுப்பதையும் பாடப்புத்தகம் விளக்கும். ஆற்றில் இறங்குகிறவருக்கு, இந்தத் திதியில், இந்த ஓடையில், எத்தனை மணிக்கு முழங்காலளவு தண்ணீர் இருக்கும் என்பது வரைக்கும் தெரியும். அந்தத் துல்லியத்தைத் துறைமுகத்து அலை அட்டவணையில் தேடினால் கிடைக்காது. அட்டவணை கடலோரத்தில் ஒரு புள்ளிக்குத்தான் கணக்குச் சொல்லும். ஆற்றுக்குள் ஒவ்வொரு வளைவிலும் நேரம் மாறும்.

அடுத்தது மண். மணல் தரை, களி, கால் புதையும் சேறு, கிளிஞ்சல் கலந்த தரை என்று காலை வைத்தே பிரித்துச் சொல்வார்கள். இறால் பகலில் சேற்றுக்குள் புதைந்து இருட்டியபின் வெளியே வரும். ஆகவே எந்தச் சேறு இறாலுக்குப் பிடிக்கும் என்று தெரிந்தவர் கையில் பறி (பிடித்ததைப் போட்டுவைக்கும் கூடை) நிறையும். ஒருமுறை குப்பத்து அண்ணன் ஒருவரோடு இடுப்பளவு நீரில் நடந்துபோனேன். ஓர் இடத்தில் நின்று, "இங்க அடியில சாம்பல் கெடக்கு, கால்ல வழவழன்னு வரும் பாருங்க" என்றார். குனிந்து அள்ளிப் பார்த்தால் மேலே ஒரு சாண் சேறு, அதற்குக் கீழே அனல்மின் நிலையத்துச் சாம்பல், வெளிறிய மாவு மாதிரி. மண்மாதிரி எடுக்கிற கருவி வந்திருந்தாலும், எங்கே இறக்குவது என்று அவரைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம் காற்று, தண்ணீரின் நிறம், வாசனை, பறவை. வாடை எப்போது திரும்பும், ஐப்பசி மழையில் புதுத்தண்ணி வந்தால் எந்த மீன் மேலே ஏறும், எது கடலுக்கு ஓடும், மடவை எங்கே துள்ளும், கொடுவா எந்தத் தூண் மறைவில் நிற்கும். இவையெல்லாம் ஒருவர் தலையில் மட்டும் இருப்பவையும் அல்ல. அப்பாவோடு படகில் போன பிள்ளை பார்த்துக் கற்றது, கூடப் போன பங்காளி திருத்தியது, வலை கிழிந்து நஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டது எல்லாம் சேர்ந்த கணக்கு. தினமும் சோதிக்கப்படுகிறது, தவறினால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

மீன் பிடிக்கத் தெரிவது வேறு, வளத்தை நிர்வகிப்பது வேறு இல்லையா?

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், பழவேற்காட்டின் பாடு முறையைப் பற்றிக் கேள்விப்படும்வரை.

பாடு என்றால் கிடைத்த மீன் என்றும் பொருள், மீன் படும் இடம் என்றும் பொருள். பழவேற்காடு ஏரி கடலைத் தொடும் வாய்க்குப் பக்கத்தில் இறால் நன்றாகப் படும் சில இடங்கள் உண்டு. இறாலின் வாழ்க்கை இப்படி: கடலில் முட்டையிடும், குஞ்சு ஏத்தத்தோடு உள்ளே வரும், கழியில் சில மாதம் வளரும், பெரிதானதும் வத்தத்தோடு கடலுக்குத் திரும்பும். திரும்புகிற வழியில் கம்பு நட்டு வலை கட்டினால் நல்ல பாடு. அப்படியானால் எல்லோருமே அங்கேதான் வலை கட்ட நினைப்பார்கள். சண்டை வரும், வழியும் மொத்தமாக அடைபடும்.

அதனால் எந்த இடத்தில், எந்த நாள், யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்த்துக்கொள்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம். முறை சுற்றி வருவதால் யாருக்கும் நிரந்தர லாபமோ நிரந்தர நஷ்டமோ இல்லை. எத்தனை வலை, என்ன வலை என்பதற்கும் வரம்பு உண்டு. மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து தண்டம் போடும்.

இதில் ஒரு மீன்வளத் துறை செய்ய விரும்புகிற எல்லாமும் இருக்கிறது: எத்தனை பேர் பிடிக்கலாம் என்ற வரம்பு, இடப் பங்கீடு, கண்காணிப்பு, தண்டனை, தகராறு தீர்க்கும் மன்றம். இதற்கென்று யாருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. கடற்கரையில் கட்டுப்பாடுகளை அமலாக்கத் தவிக்கும் எந்த அதிகாரியும் ஒரு மாதம் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டிய ஏற்பாடு இது என்பது என் கருத்து.

அந்த முறையில் எல்லோருக்கும் இடம் உண்டா?

இல்லை. இதை மறைத்துப் பேசுவது அந்த மக்களுக்கே அநியாயம். பாடு முறையில் உரிமை, குறிப்பிட்ட சில ஊர்களின் பட்டினவர் என்ற மீனவச் சமூகத்து ஆண்களோடு நிற்கிறது. இருளர்களுக்கும் தலித் மீனவர்களுக்கும் அதில் பங்கு இல்லை. பெண்களுக்கும் இல்லை. மரபு என்பதற்காகவே ஒன்றை முழுதாகத் தூக்கிவைத்துக் கொண்டாடினால், ஏற்கெனவே ஓரத்தில் நிற்பவர்களை நாமும் சேர்ந்து தள்ளுகிறோம். பாடு முறையின் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். யாரை உள்ளே விடுவது என்ற விதியை இன்றைக்குரிய நியாயத்தோடு திரும்பப் பேசத்தான் வேண்டும். குப்பங்களுக்குள்ளேயே இந்தப் பேச்சு நடக்கிறது.

இருளர்களின் அறிவு மீனவர்களுடையதிலிருந்து வேறானதா?

நிறைய வேறுபாடு உண்டு. கழியில் இறங்கும் இருளர் பலரிடம் படகு கிடையாது, பெரிய வலை கிடையாது. கையால் சேற்றைத் தடவி இறாலையும் நண்டையும் பிடிப்பார்கள். பறியைப் பல்லால் கடித்துப் பிடித்தபடி, இரண்டு கையும் நீருக்குள் வேலை செய்ய, மணிக்கணக்காகக் குனிந்தே நகர்வார்கள். இதில் பெண்கள் அதிகம். எந்த ஓடையில் தண்ணீர் கொதித்து வருகிறது, எந்தத் திட்டில் இறங்கினால் தோல் அரிக்கிறது என்று முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். உடம்பு முழுக்கத் தண்ணீரில் இருக்கிறதே. ஆனால் ஆலோசனைக் கூட்டம் என்று மேஜை போட்டால் அவர்களை யாரும் அழைப்பதில்லை. அழைத்தாலும் அன்றைய கூலி போய்விடும் என்று வர முடியாது.

விஞ்ஞானிகளுக்கு முன்பாக உள்ளூர்க்காரர்கள் கண்டுபிடித்தது ஏதாவது உண்டா? சும்மா சொல்லக்கூடாது, ஓர் உதாரணம் வேண்டும்.

காக்கா ஆழி. இந்தப் பெயரை எண்ணூர், பழவேற்காடு பக்கத்தில் யாரைக் கேட்டாலும் முகம் சுளிப்பார்கள். கறுப்பாக, சின்னதாக, கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும் ஒரு சிப்பி. விஞ்ஞானப் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா. தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்காக் கரையைச் சேர்ந்தது. நம் ஆற்றில் இப்படி ஒன்று கிடையாது என்று முதலில் குரல் கொடுத்தவர்கள் மீனவர்கள். தரையில் கம்பளம் விரித்த மாதிரி படர்ந்துவிடுகிறது, இறால் புதைய இடமில்லை, கால் வைத்தால் கிழிக்கிறது, வலையை இழுத்தால் சிப்பிதான் வருகிறது என்று சொன்னார்கள். கப்பல்கள் சமநிலைக்காக நிரப்பிவந்து கொட்டும் தண்ணீரில் வந்திருக்கும் என்பது அவர்களுடைய கணிப்பு. இந்தச் சிப்பி உலகின் பிற கரைகளுக்குப் பரவியதற்கும் ஆய்வாளர்கள் கப்பல் போக்குவரத்தைத்தான் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். பிறகுதான் பசுமைத் தீர்ப்பாயம், துறைகள், அறிக்கைகள் எல்லாம் வந்தன.

இங்கே இரண்டு அறிவும் ஒன்றுக்கொன்று தேவைப்பட்டதைக் கவனியுங்கள். இது எந்த இனம், எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஆய்வகம் வேண்டும். எப்போது வந்தது, எங்கே எவ்வளவு அடர்த்தி, எதை அழித்தது, அள்ளினால் திரும்ப எத்தனை நாளில் படர்கிறது என்பதையெல்லாம் ஆற்றில் இருப்பவர்தான் சொல்ல முடியும். ஒரு ஈரநிலத்துக்கு இதைவிடச் சிறந்த எச்சரிக்கை மணி கிடையாது. மணி அடிக்கும்போது கேட்க ஆள் இருக்கிறாரா என்பதுதான் சிக்கல்.

எண்ணெய் விஷயத்திலும் இப்படித்தான். 2017 ஜனவரி 28-ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் எண்ணூர் ஆற்றுக்குள் வந்தது. இரண்டு முறையும் வாளியோடு நின்று அள்ளியவர்களில் குப்பத்து ஆட்களே ஏராளம். வத்தத்தில் எண்ணெய் எந்த மூலையில் ஒதுங்கும், ஏத்தத்தில் எந்த ஓடைக்குள் ஏறி அலையாத்தி வேரில் ஒட்டும் என்று அவர்களுக்குத் தெரியும். தடுப்பை எங்கே போடுவது என்று அந்த முதல் மணி நேரத்திலேயே அவர்களைக் கேட்பதற்கு ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும். அவர்களை அள்ளும் கையாக மட்டும் பார்த்தது எனக்கு இன்றும் ஆறவில்லை.

வெள்ளத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நான் மணலியில் குடியிருக்கிறேன், மீன் பிடிப்பதில்லை.

பூண்டி ஏரி நிரம்பித் திறந்துவிட்டால் அந்தத் தண்ணீர் கொசஸ்தலையில் இறங்கி, உங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு எண்ணூர் முகத்துவாரத்துக்குத்தான் வரும். முகத்துவாரம் மணல் மூடியிருந்தாலோ, ஆறு சாம்பலாலும் கட்டுமானக் கழிவாலும் மேடாகியிருந்தாலோ, அந்தத் தண்ணீர் உங்கள் தெருவில் நிற்கும். எந்த மாதம் முகத்துவாரத்தில் மணல் கூடும், எந்த இடத்தில் ஆழம் குறைந்திருக்கிறது என்று படகுக்காரர் தினமும் துடுப்பால் அளந்துகொண்டிருக்கிறார். முன்பு கம்பு முழுகிய இடத்தில் இன்று இறங்கி நடக்கிறோம் என்று அவர் சொல்வது மீன்பாட்டைப் பற்றி மட்டுமல்ல, உங்கள் வீட்டு வாசலைப் பற்றியும்தான். ஒடிசாவின் சிலிகா ஏரியில் 2000-ஆம் ஆண்டு புதிய வாய் வெட்டிய பிறகு மீன்பாடு வெகுவாகப் பெருகியது. கடலும் கழியும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் குழந்தைக்கும் தெரிந்த பாடம்.

சட்டத்தில் உள்ளூர் மக்களுக்கு இடம் இருக்கிறதா?

எழுத்தில் இருக்கிறது. இந்தியா ராம்சர் உடன்படிக்கையில் 1982-இல் சேர்ந்தது. உள்ளூர் மக்களையும் பழங்குடிகளையும் ஈரநில மேலாண்மையில் எப்படிச் சேர்ப்பது என்ற வழிகாட்டுதலை 1999-இல் கோஸ்டாரிகாவில் கூடிய உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொண்டன. நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாராக வேண்டும்.

ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், கடலோரக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின் கீழ் வரும் இடங்களை விலக்கிவைத்திருக்கின்றன. உப்பு உற்பத்திக்காக உண்டாக்கப்பட்ட ஈரநிலங்களும் விலக்கு. தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு 2022-இல் ராம்சர் தகுதி வந்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் இந்த விலக்கால் எண்ணூருக்கு முக்கியப் பாதுகாப்பு கடற்கரை ஒழுங்குமுறைதான். அதற்கு ஆதாரம் வரைபடம். 1996-இல் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் கழியின் பெரும்பகுதி கட்டுமானம் கூடாத இடமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. பிறகு வந்த வரைபடத்தில் அந்தக் கழியே காணோம் என்பதை மீனவர்களும் ஆர்வலர்களும் ஆவணங்களைக் கேட்டு வாங்கி வெளியே கொண்டுவந்தார்கள். எங்கே தண்ணீர் ஓடுகிறது என்று தெரிந்தவர் கண்ணில் அந்த வரைபடம் பட்டிருந்தால், முதல் நாளே தப்பு பிடிபட்டிருக்கும்.

அலையாத்தி நட்டால் நல்லதுதானே? அதற்குமா ஊரைக் கேட்க வேண்டும்?

கட்டாயம் கேட்க வேண்டும். வெறும் சேற்றுத்திட்டு என்று வெளியாள் நினைக்கும் இடம், இருளப் பெண்கள் இறால் தடவும் இடமாகவும், வலசை வரும் உள்ளான்களின் மேய்ச்சலாகவும் இருக்கும். அங்கே நட்டால் ஒருவர் பிழைப்பு போகும், பறவையும் போகும். ஏத்தம் சரியாக ஏறாத மேடு என்றால் கன்றும் பட்டுப்போகும். முன்பு எங்கே தானாக வளர்ந்தது என்று பெரியவர்களைக் கேட்டு, அங்கே தண்ணீர் போக வழி திறந்துவிட்டால் பல இடங்களில் விதை மிதந்துவந்து தானாகவே முளைக்கும்.

எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதிவைத்துவிட்டால் போதுமா?

போதாது. கூடவே கவனமும் வேண்டும். நல்ல பாடு கிடைக்கும் இடங்களை வரைபடமாக்கி வெளியிட்டால், நாளைக்கு வேறு யாராவது வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். எதை எழுதலாம், எதை ஊருக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று ஊர்தான் முடிவுசெய்ய வேண்டும். அதோடு, ஆறு செத்துப்போனால் பதிவேட்டில் மிஞ்சுவது சொற்கள் மட்டுமே. சேற்றில் கால் வைக்காத பிள்ளைக்குச் சேற்றின் பெயர் எதற்கு?

பருவமே மாறிவிட்டதே, பழைய கணக்கு இன்னும் பலிக்கிறதா?

சில பலிக்கின்றன, சில தவறுகின்றன. ஏத்தம் வத்தம் மாறாது, அது சந்திரன் கணக்கு. மழையும் மீன்வரத்தும் முன்போல் இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள். அனல்மின் நிலையத்துச் சுடுதண்ணீர் இறங்கும் ஓடையில் பழைய அடையாளங்கள் வேலைக்காகாது. அதற்காக அந்த அறிவு காலாவதியாகிவிடவில்லை. முன்பு எப்படி இருந்தது என்பதை மனதில் வைத்திருப்பவரால்தான் எது, எப்போது, எவ்வளவு மாறியது என்று சொல்ல முடியும். எண்ணூர் ஆற்றுக்கு ஐம்பது வருடத்துத் தொடர் அளவீடு வேண்டுமென்றால், முதலில் காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் இருக்கும் பெரியவர்களிடம் போங்கள்.

நான் மாணவி. ஆய்வுக்காகப் போக நினைக்கிறேன். எப்படிப் பேசுவது?

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போகாதீர்கள். தொழில் இருக்கும், உங்களுக்காக நிற்க முடியாது. அஷ்டமி, நவமிப் பக்கம் போனால் வலை தைத்துக்கொண்டிருப்பார்கள், நிதானமாகப் பேசலாம். ஊர் நிர்வாகிகளிடம் முதலில் சொல்லுங்கள். பெண்களிடம் தனியாகப் பேசுங்கள், ஆண்கள் இருக்கும் இடத்தில் அவர்கள் பதிலை ஆண்களே சொல்லிவிடுவார்கள். இருளர் குடியிருப்புக்குத் தனியாகப் போங்கள். அண்ணா, அக்கா, ஐயா என்று கூப்பிட்டால் போதும். அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரின் அரை நாளை எடுத்துக்கொண்டால் அந்த அரை நாள் வருமானத்தைக் கொடுங்கள். அவர்கள் சொல்லும் பெயரையே எழுதுங்கள். 'வழவழன்னு வர சேறு' என்றால் அப்படியே.

முடிந்தால் ஆற்றில் இறங்குங்கள். செருப்பு வேண்டாம், சேறு பிடுங்கிக்கொள்ளும். ஆனால் காக்கா ஆழி இருக்கும் இடத்தில் வெறுங்கால் ஆபத்து, எங்கே என்று கேட்டுக்கொண்டு நடங்கள். எழுதி முடித்ததும் தமிழில் ஒரு பிரதி எடுத்துப்போய் ஊரில் படித்துக் காட்டுங்கள். தப்பு இருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்கள். என் குறிப்புகளில் ஓடைகளின் பெயரையே இரண்டு இடத்தில் மாற்றி எழுதியிருந்தேன். தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி சொல்லித்தான் தெரிந்தது.